பனிநாட்டில் காஞ்சிபுரத்தார்

பனி என்ற சொல்லைக் காஞ்சிபுரவாசிகளிடம் சொன்னால் அவர்களுக்கு மார்கழி மாதந்தான் நினைவுக்கு வரும். விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தின் உச்சி மங்கலாகத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி வேலை செய்பவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பாட்டிமார்கள், “பனியில் நிற்காதே, ஜலதோஷம் பிடிக்கும்” என்று குழந்தைகளை அதட்டுவார்கள். எட்டு மணிக்குச் சூரியன் தலை காட்டியதும் பனியின் ஆட்சி முடிந்துவிடும்.

இந்தப் பனி ஒன்றையே அறிந்திருந்த நாங்கள், கனடா தேசத்தில் டொரான்டோ நகரத்தின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் குடியேறியபோது, தமிழ் மொழி நம்மைச் சற்று ஏமாற்றிவிட்டது என்றே எண்ணினோம். அங்கே வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்வது ஒரு பனி. கண்ணாடியில் கோலமிட்டது போல் படிவது மற்றொரு பனி. மழையாகப் பெய்து, தரையைத் தொட்டதும் கல்லாகிவிடுவது இன்னொன்று. சாலையோடு சாலையாகக் கண்ணுக்கே தெரியாமல் உறைந்து கிடப்பது யாவற்றிலும் பொல்லாதது. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? அங்குள்ள தமிழர்கள் முதலாவதை ‘ஸ்நோ’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

காஞ்சி, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்கிறது. டொரான்டோவோ 44 டிகிரிக்குச் சமீபத்தில். ஜனவரி மாதத்தில் அங்கே சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி. சில இரவுகளில் 20 டிகிரி கீழே இறங்கிவிடுவதும் உண்டு.

ஆனாலும் காஞ்சிக்கும் பனிமலைக்கும் பழைய உறவு உண்டு. சீன யாத்திரிகர் யுவான் சுவாங், 7-ஆம் நூற்றாண்டில் தியான் ஷான் என்னும் பனிமலைத் தொடரைக் கடந்து பாரத பூமிக்கு வந்தார். மலையேறிய கூட்டத்தில் பத்தில் மூன்று நான்கு பேர் குளிரிலும் பசியிலும் மாண்டனர் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. உயிர் தப்பிய அவர் 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சி மாநகரத்துக்கு வந்து சேர்ந்தார். காஞ்சியிலிருந்து புறப்பட்டுச் சீனத்துக்குப் போனவர் என்று போதிதருமரைப் பற்றி வழங்கும் மரபுக் கதையையும் நேயர்கள் அறிவார்கள். அவர்களெல்லாம் மோட்டாரை அறியாதவர்கள். எங்களுக்கு வாய்த்த சோதனை மோட்டார் ஓட்டுவது.

மோட்டார் நமக்குப் புதிய பொருளல்ல. பட்டுக்குப் பெயர்போன நம் ஜில்லாவிலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார்கள் உற்பத்தியாகி வருகின்றன. காந்தி ரோட்டில் முகூர்த்த நாளன்று, பட்டுப்புடவை வாங்க வந்த கூட்டத்துக்கும், மாட்டுக்கும், ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே வண்டி ஓட்டியவர்கள் உலகத்தில் எங்கும் ஓட்டலாம் என்பது நம்மவர் அபிப்பிராயம். ஒன்டாரியோ மாகாணத்துச் சர்க்கார் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை. புதிதாகக் குடியேறியவர்கள் தங்கள் ஊர் லைசென்ஸை 60 நாள் வரையில்தான் உபயோகிக்கலாம். அதற்குள் கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, சாலைப் பரீட்சை ஆகியவற்றைத் தொடங்கியாக வேண்டும்.

எங்களுக்கு உண்மையான பாடம் சொன்னவர் பக்கத்து வீட்டில் வசித்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1986 ஆகஸ்டில், இலங்கைத் தமிழ் அகதிகள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கருகே அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அவ்வூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில், ஊரில் மூண்ட தீயிலிருந்து தப்பிக் கனடாவுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் இவரும் ஒருவர். இரவு நேரத் தொழிற்சாலை வேலைக்கு முப்பது குளிர்காலம் வண்டி ஓட்டியவர்.

“தம்பி, முதல்ல டயரை மாத்துங்கோ. மற்றதெல்லாம் பிறகு பாப்பம்” என்றார் அவர்.

டயரில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். சாதாரண டயரின் ரப்பர், உஷ்ணநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பருக்குச் சாலையைப் பற்றும் சக்தி குறைந்துவிடும். குளிர்காலத்துக்கென்று செய்த டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்; அதன் ஓரத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துளிப் பூவும் பொறித்திருக்கும். அண்டை மாகாணமாகிய கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் இத்தகைய டயர் இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல், குளிர்கால டயர் பூட்டியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்பது விதி. புது ஊரில் வீட்டு வாடகைக்கே விழி பிதுங்கும் குடும்பத்துக்கு நான்கு டயர் வாங்குவது பெருஞ்செலவுதான். இருந்தாலும், சோபா வாங்குவதைத் தள்ளிப்போட்டு நாங்கள் டயர் வாங்கினோம்.

அடுத்த ஆச்சரியம் உப்பு. பனி பெய்யும் என்று வானிலை அறிக்கை வந்த உடனே பெரிய லாரிகள் கிளம்பிச் சாலையெங்கும் உப்பை வாரி இறைக்கின்றன. உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை என்பதுதான் இதன் தத்துவம். குளிர் மிகவும் கடுமையானால் உப்பும் சக்தியிழந்துவிடும். அப்போது மணல் தூவுகிறார்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு யாத்திரை சென்று, கடற்கரையில் ஒரு பிடி உப்பு அள்ளியதற்காகச் சிறை புகுந்த தேசத்திலிருந்து வந்த நாங்கள், டன் டன்னாக உப்பைத் தெருவில் கொட்டுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த உப்பு சாலையைக் காப்பாற்றி வண்டியின் இரும்பைத் தின்றுவிடுகிறது. ஆகையால் குளிர்காலத்திலும் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் நிறுத்துவது. இதைக் காஞ்சிபுரத்தார் எளிதில் புரிந்துகொள்ளலாம். வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் தேர் உருண்டு வரும்போது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை நேயர்கள் கவனித்திருப்பார்கள். தேர் நினைத்த இடத்தில் நிற்காது. எங்கே நிற்கவேண்டுமோ அதற்கு வெகு தூரம் முன்னாலேயே அவர்கள் கண் வேலை செய்யத் தொடங்கிவிடும். திடீரென்று கட்டையைச் செருகினால் ஆபத்து. உறைந்த சாலையில் ஓடும் மோட்டாரும் அவ்வாறே. உலர்ந்த சாலையில் நிற்பதற்குத் தேவையான தூரம், பனிக்கட்டியின்மேல் பத்து மடங்குகூட ஆகலாம். ஆகையால் முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் இடையில், சாதாரண நாளில் விடும் இடைவெளியைப்போல் இரண்டு மூன்று பங்கு விடவேண்டும். வேகம் கூட்டுவதும், திருப்புவதும், பிரேக்கை அழுத்துவதும் மெல்ல மெல்ல நடக்கவேண்டும். தறியில் மிதியை மிதிக்கும் நெசவாளியின் கால் இழை அறாமல் இறங்குகிறதல்லவா, அந்தப் பதம் வேண்டும்.

இதன் அவசியத்தை நாங்கள் ஒரு தை மாத இரவில் அறிந்தோம். ரிச்மண்ட் ஹில்லில் உள்ள பிள்ளையார் கோயிலில் தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். காஞ்சியிலிருந்து வந்திருந்த வயதான தாயாரும் குழந்தையும் பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சாலை ஈரமாக மட்டுமே தோன்றியது. வழியில் ஒரு பாலம். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால், மற்றச் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பாலத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தோம். எங்களுக்கு முன்னே சென்ற வண்டி பாலத்தின் நடுவே பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்கே நின்றது. சக்கரத்தின் அடியில் தரை இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. அழுத்தியும் அழுத்தாமலும் பிரேக்கைப் பிடித்து வந்தோம். ஒரு வண்டி நீளம் மிச்சமிருக்கையில் எங்கள் வண்டி நின்றது. அந்த வண்டியில் இருந்த இளம் தம்பதிகளுக்கும் காயமில்லை. கண்விழித்த தாயார், “வீடு வந்துவிட்டதா?” என்று கேட்டார். “வந்துகொண்டே இருக்கிறது, அம்மா” என்றோம்.

அதன்பின் பெரியவர் சொன்ன மற்ற விஷயங்களையும் வேதவாக்காகக் கொண்டோம். வண்டியில் கம்பளி, மண்வாரி, கொஞ்சம் மணல், தின்பண்டம் ஆகியவை எப்போதும் இருக்கும். புறப்படுமுன் கண்ணாடியில் மட்டுமல்ல, கூரைமேலுள்ள பனியையும் தள்ளிவிடவேண்டும். இல்லாவிட்டால் அது பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய் விழும். நீல விளக்கு மின்ன, பனி வாரிச் செல்லும் வண்டியை முந்தவே கூடாது. பனிக்குவியலில் வண்டி சிக்கிவிட்டால், புகைக்குழாயை அடைத்த பனியை அகற்றாமல் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காரக்கூடாது. வாசனையில்லாத விஷவாயு உள்ளே புகுந்து, உறங்கியவர்களை எழுந்திராமலே செய்துவிடும்.

பனியில் துன்பம் மட்டுமே இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கவேண்டாம். புதுப் பனி பெய்த இரவில் நகரமே பேச்சை நிறுத்திவிட்டது போன்ற ஓர் அமைதி நிலவும். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. அந்த மாதத்தில், முழங்கால் வரையில் ரப்பர் பூட்ஸும் அதற்குமேல் அரக்கு நிறக் காஞ்சிப்பட்டுமாகப் பெண்மணிகள் பொங்கல் விழாவுக்கு வந்து இறங்கும் காட்சியை எந்தச் சித்திரக்காரரும் விடமாட்டார்.

காஞ்சியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைப் பனிநாடுகளுக்கு அனுப்பிவிட்டு, டெலிபோனுக்குக் காத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். “சாப்பிட்டாயா?” என்று கேட்பதை நிறுத்தவேண்டாம். ஐப்பசி பிறந்ததும், “டயர் மாற்றியாயிற்றா?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.