நிறம் போனது, உப்பு போகவில்லை

எந்த நிறத்துக்கு இப்போது ஆர்டர் அதிகம் என்பதைத் திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியே சொல்லிவிடும் என்று நினைத்துப் போனேன். பல சாயப்பட்டறைகளின் தண்ணீர் கலந்து, அங்கே எல்லாமே கருநீலம்.

அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்ததும் தண்ணீர் போகும் தொட்டியை இங்கே ‘பயாலஜி’ என்கிறார்கள். பாக்டீரியாவின் ராஜ்ஜியம். அடியிலிருந்து காற்று ஊத, பழுப்பு நிறத்தில் நுரைத்துப் புரள்கிறது. நாற்றத்துக்குத் தயாராகப் போனவனுக்கு மண் வாசனைதான் கிடைத்தது.

ஆபரேட்டர் ஒரு லிட்டர் மொண்டு, அளவு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தார். “அரை மணி நேரம் பொறுங்க. பாதிக்குக் கீழ இறங்கோணும். மேலயே மிதந்துச்சுன்னா பயாலஜிக்குச் சீக்குங்க.” திரிதிரியாகச் சேர்ந்த கசடு மெல்ல இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் தெளிவுதான். ஆனாலும் லேசாக ஊதா.

அந்த ஊதாவுக்குக் காரணம் உண்டு. அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்புதான் நிறத்துக்கு ஆதாரம். அதை பாக்டீரியாவின் அசோரிடக்டேஸ் நொதி வெட்டிவிடும். ஆனால் காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்கே போய்விடும், சாயம் தப்பிக்கும். காற்றில்லாத இடத்தில் வெட்டு நன்றாக விழும்; ஆனால் துண்டுகளாக மிஞ்சும் அரோமேட்டிக் அமைன்களில் சில, சாயத்தைவிடக் கெடுதலானவை. அவற்றைச் சிதைக்க மறுபடி காற்று வேண்டும். முதலில் காற்றில்லாமல், பிறகு காற்றோடு என்பதே சரியான வரிசை. ஆய்வகக் குடுவையில் நிறம் போனதும் கைதட்டுபவர்கள் இந்தப் பின்பாதியைப் பேசுவதில்லை. இங்கே காற்றுத் தொட்டி மட்டும்தான். மிஞ்சும் நிறத்துக்குக் குளோரின்.

“தீபாவளிக்குப் பட்டறை எல்லாம் லீவு. பயாலஜிக்கு லீவு விட முடியுங்களா? பட்டினி கிடந்தா செத்துப்போகும்” என்றார் ஆபரேட்டர். சாணி கரைத்து ஊற்றுவார்களாம். வழக்கமான நாட்களில் யூரியா, டிஏபி.

பாக்டீரியா தொடாத ஒன்று உப்பு. பருத்தியில் சாயம் ஏற, அடர் நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுகிறார்கள். அத்தனையும் கழிவில் வருகிறது. 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. கண்ணுக்குத் தெரிந்தது நிறம். வயலைக் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், சொட்டுக்கூட வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது.

அதனால் பயாலஜிக்கு அடுத்து ஆர்ஓ. அது ஒதுக்கும் உப்புநீர் எவாப்பரேட்டருக்கு. பிரித்தெடுத்த சோடியம் சல்பேட் பட்டறைக்கே திரும்புகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கியிருக்கிறது. இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

“யாரும் வாங்கறதில்லீங்க. அடுத்த ஷெட்டு போடோணும்.”