மூன்று வழி பிரியும் குளக்கரை

ஐப்பசியில் ஒரு நாள்: திருச்சியிலிருந்து கொடும்பாளூர் வரை

"நாலு நாள் மழை பெஞ்சு வயல்ல கால் வைக்க முடியல. இப்ப ஒரு நாள் வெளியே போய்ட்டு வந்தா என்ன குடி முழுகிடும்?"

திருச்சிக்கு மேற்கே உள்ள ஓர் ஏரிப்பாசன ஊரில், உழவர் ஆர்வலர் குழுக் கூட்டத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. ஆண்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்டுணர் சுற்றுலா என்று எங்காவது போய் வருகிறார்கள். பெண்களுக்குக் கல்யாணம், கோயில் திருவிழா இரண்டை விட்டால் ஊரைத் தாண்ட வழியில்லை. நடவும் முடிந்திருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பேசினார்கள். மொத்தம் பதினாறு பேர்.

அந்தப் பதினாறு பேரில் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவரும் இருந்தார். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். மூன்று ஆண்டுகளாக ஏரித் தண்ணீர் அவர் வயலை எட்டவில்லை. மனை போட இடம் தேடுபவர் ஒருவர் முன்பணத்தோடு இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருந்தார். 'தீபாவளி கழியட்டும், சொல்கிறேன்' என்று தவணை சொல்லியிருந்தார் பெரியவர். அவருக்குச் சுற்றிப்பார்க்கும் மனநிலை இல்லை. மகள்தான் வற்புறுத்தி வேனில் ஏற்றிவிட்டாள்.

கூதிர் காலத்துப் பச்சை

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மலைகளுக்குப் போவார்கள். ஜப்பானில் டோக்கியோ நகரத்திலிருந்து நிக்கோ மலைப்பகுதிக்கு, சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்களைக் காட்டுவதற்கென்றே வழிகாட்டியோடு ஒரு நாள் பேருந்துகள் விடுகிறார்கள். குளிர் நெருங்கும்போது அங்குள்ள மரங்கள் பச்சையம் செய்வதை நிறுத்துகின்றன. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. பிறகு இலை உதிர்கிறது.

நம் பக்கம் கதை வேறு. இங்கு மரம் இலையை உதிர்ப்பது குளிருக்காக அல்ல, வறட்சிக்காக. அது நடப்பது மாசி, பங்குனியில். தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை இந்த நாட்களில்தான் பெய்கிறது. ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் சரளை மேடும் பச்சை போர்த்தும் காலம் இது. வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த புதுக்கோட்டையைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது.

திருச்சியிலிருந்து மதுரை நான்குவழிச் சாலையில் வேன் தெற்கே போனது. காவிரிப் பாசனப் பச்சை சற்று நேரத்திலேயே முடிந்து, செம்மண்ணும் பாறைக் கரடும் தொடங்கிவிடுகின்றன. முருகன் குடியிருக்கும் விராலிமலைக் குன்று தெரிந்தபோது வேனை நிறுத்தினார்கள். முருகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் உள்ள மலை அது. மயில்களுக்கும் பெயர்போனது. பாறை மேல் நின்ற மயிலைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டின. "அழகாத்தான் இருக்கு. நம்ம கடலைக் கொல்லையில நின்னா இப்படிக் கை தட்டுவோமா?" என்று ஒருவர் சொல்ல, வேனே சிரித்தது. சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. விரட்டலாமே தவிரத் தொடக்கூடாது.

பழைய வழிகாட்டி

திருச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கொடும்பாளூர். அங்கே வழிகாட்ட வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கையில் ஒரு குடை, வாய் நிறைய வெற்றிலை. அவர் முதலில் கோயிலைக் காட்டவில்லை. சாலையைக் காட்டினார்.

"இந்த வழிக்கு முதல் வழிகாட்டி நான் இல்ல. சிலப்பதிகாரத்துல ஒருத்தர் இருக்கார்" என்று தொடங்கினார்.

உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்து போகும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும், மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்வது காடுகாண் காதையில் வருகிறது. கொடும்பையின் பெரிய குளத்துக் கரையை அடைந்தால், அங்கிருந்து வழி சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிப் போகும். இடப்பக்க வழி திருமால்குன்றமாகிய அழகர்மலைப் பக்கம் போகும். மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவே.

அந்த மறையவன் ஓர் உழவனைப் போலத்தான் வழி சொல்கிறான். கோடையில் பட்டுப்போன மரங்களையும் தண்ணீருக்குத் தவிக்கும் மான்களையும் சொல்கிறான். சிறுமலையில் விளையும் தினை, வரகு, கரும்பு, மஞ்சள், வாழை, கமுகு, தென்னை, மா, பலா என்று பயிர்களையும் வரிசையாக அடுக்குகிறான். சிறுமலை வாழைக்கு இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை நினைத்தால், அவன் கண் பொய்க்கவில்லை என்பது தெரியும்.

"ஊருக்கு அடையாளம் கேட்டா கோயிலைச் சொல்லல, கோட்டையைச் சொல்லல. குளத்தைச் சொல்லியிருக்கான் பாருங்க" என்றார் ஆசிரியர்.

கற்றளியும் களஞ்சியமும்

மூவர் கோயில், பெயருக்கேற்ப மூன்று விமானங்களாகக் கட்டப்பட்டது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயராலும் எழுப்பியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சோழர்களுக்குத் துணை நின்ற குடி அது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அந்த மூன்றில் இன்று இரண்டே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். மேற்கு நோக்கிய அந்த இரண்டு விமானங்களும் மழையில் நனைந்து கருத்திருந்தன. சுற்றிலும் புல்வெளி. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

அருகிலேயே முசுகுந்தேசுவரர் கோயில். அங்கு வழிபாடு இன்றும் நடக்கிறது. அங்கே பெண்கள் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோறு, கொள்ளுத் துவையல். சாப்பிடும்போது ஆசிரியர் இடங்கழி நாயனார் கதையைச் சொன்னார்.

அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழியார் இந்தக் கொடும்பாளூரின் மன்னர். அடியார்களுக்கு அமுது படைத்துவந்த ஒருவருக்கு ஒரு நாள் நெல் தீர்ந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் இரவில் அரண்மனைக் களஞ்சியத்தில் புகுந்து நெல் எடுத்தார். காவலர் பிடித்து மன்னர் முன் நிறுத்தினர். காரணத்தைக் கேட்ட மன்னர் அவரை விடுவித்ததோடு, அடியார்கள் களஞ்சியத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பறை அறைவித்தார். அவருடைய குருபூசை நாள் ஐப்பசி மாதக் கார்த்திகை.

"களஞ்சியத்தைத் திறந்துவிட ராசாவுக்கு மனசு இருந்துச்சு. திறக்கிற அளவுக்கு நெல்லும் இருந்துச்சே, அது எங்கேயிருந்து வந்துச்சு? இங்கே காவிரி ஓடலையே?" என்று கேட்டார் பெரியவர். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆசிரியர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கண்ணே, காட்டுறேன்."

குமிழி சொன்ன பாடம்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத மாவட்டம் புதுக்கோட்டை. ஆனால் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் உண்டு. ஒன்று நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்ததற்கு, அது நிறைந்தால் அதற்கும் அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கண்மாய்க் கரையில் வேன் நின்றது. பாதிக்கு மேல் தண்ணீர். உள்வாயில் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்தன. எதிர்ப்பக்கம் புழுதியில் விதைத்த நெல் முழங்கால் உயரம் வந்திருந்தது. மேட்டில் கொள்ளு முளைவிட்டிருந்தது.

கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்கு மேல் இரண்டு கல்தூண்கள் தெரிந்தன. குறுக்கே கல் பலகைகள். அதுதான் குமிழித் தூம்பு. இந்த வட்டாரத்துக் கண்மாய்கள் பலவற்றில் கல்வெட்டோடு கூடிய குமிழிகளை இன்றும் பார்க்கலாம்.

தூண்களுக்கு அடியில், கண்மாய்த் தரையில் ஒரு கல் தொட்டி இருக்கிறது. அதன் மேல்பலகையில் ஒரு பெரிய துளை. அது நீரோடித் துளை. அதை அடைப்பான் போட்டு மூடியிருப்பார்கள். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டிச் சிறு துளைகள். அவை சேறோடித் துளைகள். பாசனம் வேண்டும்போது ஒருவர் நீந்திப் போய் அடைப்பானைத் தூக்குவார். மேலிருந்து தெளிந்த நீர் தொட்டிக்குள் பாயும். அந்த வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் சிறு துளைகள் வழியாக இழுபட்டு, கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியே வயலுக்குப் போகும். ஒரே வேலையில் கண்மாய் தூர்வாரப்படுகிறது, வயலுக்கு எருவும் சேர்கிறது.

எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். பெரியவர் மட்டும், "எங்க ஏரியிலயும் மடை இருக்கு. தண்ணிதான் வரல" என்றார்.

"உங்க ஏரிக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுண்ணே?"

"வடமேற்குக் கரட்டுலேருந்து. வாரி ஒண்ணு இருக்கு."

"அந்த வாரியைக் கடைசியா எப்ப நடந்து பார்த்தீங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவருடைய அப்பா இருந்தபோது ஆடி மாதம் ஊரே மண்வெட்டியோடு போகும். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வேனில் வந்த மற்ற ஆண்களும் அவரவர் காலடியைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் முதல் கேள்வி கேட்ட அதே பெண் இப்போது பேசினார். "மாமா, நான் ஆடு ஓட்டிக்கிட்டுப் போறப்ப தெனமும் பாக்குறேன். புது ரோடு போட்டப்ப வாரியில மண்ணைத் தள்ளி, நடுவுல சின்னதா ஒரு குழாய் வெச்சுட்டாங்க. குழாயும் அடைச்சுப் போச்சு. மழைத்தண்ணி ரோட்டுப் பள்ளத்துலயே கிழக்க திரும்பி ஓடிடுது. ஏரிக்கு எப்படி வரும்?"

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

இந்த ஒரு ஊரின் கதை இல்லை இது. கண்மாயைத் தூர்வாருவது பற்றி எல்லோரும் பேசுகிறோம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் பாதையை மறந்துவிடுகிறோம். சீமைக்கருவேல் அடைத்த வாரிகள், சாலைக்கு அடியில் புதைந்த வாரிகள் எத்தனையோ. மேட்டு நிலத்தில் தைலமரத் தோப்பு போட்டு, மழைநீரை வரப்புக் கட்டி அங்கேயே நிறுத்திவிட்டால் கீழே உள்ள கண்மாய்க்கு என்ன வரும் என்று புதுக்கோட்டை உழவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள்.

திரும்பும் வழி

மாலையில் தூறல் போட்டது. வேன் திருச்சியை நெருங்கும்போது பெரியவரின் கைபேசி அடித்தது. மனை வாங்க வந்தவர்தான். "தீபாவளி கழிஞ்சு சொல்றேன்னேன், சரிதான். இப்ப இன்னொரு வேலை இருக்கு. வாரியை நடந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் கரட்டிலிருந்து ஏரி வரை நடந்தார்கள். முன்னே நடந்தவர் ஆடு மேய்க்கும் அந்தப் பெண். அடைபட்ட இடங்கள் நான்கு. மூன்றை அவர்களே மண்வெட்டியால் திறந்தார்கள். சாலைக் குழாயை மாற்ற மனு எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டே கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிலமும் இன்னும் விற்கப்படவில்லை.

போய்வர விரும்புவோருக்கும், வாரி தேடுவோருக்கும்

* திருச்சி–மதுரை சாலையில் விராலிமலையை அடுத்து கொடும்பாளூர். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பலாம். நேரமிருந்தால் விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசலையும் பார்க்கலாம். அங்குள்ள சமணக் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரை, மீன், பறவைகளோடு ஒரு குளமே ஓவியமாக இருக்கிறது.

* குடை, மாற்றுத்துணி, குடிநீர் அவசியம். நிறைந்த கண்மாயில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். சேற்றின் ஆழம் கரையிலிருந்து தெரியாது.

* உங்கள் ஏரியின் வரத்து வாரியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் பார்த்துப் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் புல எண் இருந்தால்தான் வேலை நகரும்.

* ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகளுக்கு நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்தவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத்தையும் அணுக வேண்டும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. மாதந்தோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவைப் பதிவு செய்யலாம்.

* வண்டல் மண் எடுக்க விரும்புவோர் கோடையில் கண்மாய் வற்றும் முன்பே வட்டாட்சியரின் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

* மழை பெய்துகொண்டிருக்கும்போதே வாரியை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தடம் மாறுகிறது என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். ஆடு மாடு மேய்ப்பவர்களையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.