புழு மனையில் ஹீட்டர் நின்றால்

முள்ளிப்பட்டில் மார்கழிக் குளிர் நெசவாளிக்கு விரல் விறைப்போடு போய்விடும். வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவருக்கு அப்படியில்லை. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவுக்கு 26 டிகிரி வெப்பம் வேண்டும். ராத்திரி ஹீட்டர் நின்றுவிட்டால் தழை தின்பது மந்தமாகும், கூடு கட்டும் நாள் தள்ளிப்போகும்.

அவசரத்துக்குக் கரி அடுப்புதான். வெளியிலேயே பற்றவைத்து, புகை அடங்கிக் கனலான பிறகு உள்ளே வைக்க வேண்டும். புகை புழுவுக்கு ஆகாது. தழை வாடாமலிருக்க ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம்.

புழுவுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள், காவலுக்கென்று கதவைச் சாத்தி அங்கேயே பாய் விரிக்கிறார்கள். புகையில்லாத கனலிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது. 2024இல் கொடைக்கானல் விடுதி அறையில் கரி அடுப்போடு தூங்கிய இருவர் எழவில்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும், படுக்கை வீட்டுக்குள் இருக்கட்டும்.