காய்ப்பேறிய விரலும் டச்பேடும்

கடலை பறிக்கிற மாசத்தில் பதிவு குறைஞ்சு போகுதேன்னு நண்பர்கள் சிலர் கேட்டிருந்தீங்க. வேலை ஒரு காரணம். இன்னொன்னு, அந்த மாசத்தில் என் விரலை மடிக்கணினி மதிக்காது.

டச்பேட் வேலை செய்யுற விதம் அப்படி. தோல் பட்டதும் ஏற்படுற சின்ன மின்மாற்றத்தைத்தான் அது பார்க்குது. விரல் நுனி மெத்துன்னு கொஞ்சம் ஈரமா இருந்தா நல்லாப் படியும். மம்பட்டி பிடிச்சுக் காய்ப்பேறி, காஞ்சு வெடிச்ச விரல் பாதிதான் படியும். அம்புக்குறி நகரும், நிக்கும், மறுபடி நகரும்.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். நாத்து நட்டே அம்மாவுக்கு ரேகை தேஞ்சு போச்சு. விரலை வைப்பாங்க, முந்தானையில் துடைப்பாங்க, மறுபடி வைப்பாங்க. பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுப்பாங்க. அந்த மிஷினுக்கு நாம ஒண்ணும் சொல்ல முடியாது.

வீட்டு மிஷினுக்குச் சொல்லலாம். நான் வெச்சிருக்கிறது லினக்ஸ் மின்ட். அதில் டச்பேட், மவுஸ், கீபோர்டு மூணையும் கவனிக்கிறது 2014இல் வந்த லிப்இன்புட். பழைய சினாப்டிக்ஸ் டிரைவர் மாதிரி இதில் திருகுறதுக்கு நிறைய இல்லை. ஆனா விரலை அளக்க ஒரு கருவி இருக்கு. டெர்மினலில் 'லிப்இன்புட் மெஷர் டச்பேட்-பிரஷர்'னு கொடுத்துட்டு விரலை வெச்சா எண் வரும். எனக்கு 20, 24. பத்தாவது படிக்கிற மகளுக்கு 50க்கு மேல. என் மடிக்கணினியோ 30ஐத் தாண்டினால்தான் விரல் பட்டதா ஒத்துக்கும். அந்த 30 எந்த ஊர் விரலுக்கு வெச்ச கணக்கோ! மம்பட்டிக்குக் காம்பு போடுறப்போகூட ஆள் உயரம் பார்ப்போம்.

ஈடிசி அடைவில் லிப்இன்புட் கோப்புறைக்குள் 'லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவிர்க்ஸ்'னு ஒரு உரைக்கோப்பு போட்டேன். டச்பேடோட பேர் ஒரு வரி, 'அட்டர்பிரஷர்ரேஞ்ச்=18:14' ஒரு வரி. 18ஐ எட்டினா தொட்டாச்சு, 14க்குக் கீழ போனா எடுத்தாச்சு. கணினியை அணைச்சுப் போட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு முழுப் பதிவு எழுதினேன்.

கீபோர்டு தொல்லை வேற மாதிரி. களத்துப் புழுதி உள்ள போய், 'க' விசை ஒரு அழுத்துக்கு ரெண்டு தடவை அடிக்க ஆரம்பிச்சது. தமிழ்99 தட்டச்சில் ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குத் தானா புள்ளி விழும். அருமையான வசதிதான். ஆனா 'மகள்'னு அடிச்சா 'மக்கள்'னு வருது. 'என் மக்கள் பள்ளிக்குப் போனாள்'னு திரையில் பார்த்தா அரசியல்வாதி எழுதின மாதிரி இருந்தது. அணுகல் வசதிகளில் பவுன்ஸ் கீஸ்னு ஒண்ணு உண்டு. ஒரே விசை சட்டுன்னு ரெண்டாந்தடவை அடிச்சா அதைக் கணக்கில் எடுக்காது. 120 மில்லிசெகண்டு வெச்சேன். நிஜமாவே 'க்க' வேணும்னா கொஞ்சம் நிதானமா அடிக்கணும், அவ்வளவுதான்.

இப்போ புகார் மகள்கிட்ட இருந்து. அவ விரல் லேசாப் பட்டாலே அம்புக்குறி துள்ளுதாம். இந்தக் கோப்பு மிஷின் முழுசுக்கும் ஒண்ணுதான், ஆளுக்கு ஒண்ணு வைக்க முடியாது. அதனால அவளுக்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்துட்டேன். அவளுக்கு இடது கைப் பழக்கம். பட்டன் ரெண்டையும் மாத்தி வெச்சிருக்கா. அவங்கம்மா அந்த மவுஸைத் தொட்டா மெனுதான் திறக்குது.