கள்ளக்குறிச்சி சைஸில் ஒரு ஐஸ் பாளம்!

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினீங்கன்னா ஜன்னல் சீட்டை மட்டும் விட்டுடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்! கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினதும் கல்வராயன் மலையில் வண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறும். அப்படியே கீழே பாருங்க. அணை, கரும்பு, நெல் வயல், அப்புறம் அடிவானம் வரைக்கும் சமவெளி. இதுவே மாவட்டத்தில் ஒரு மூலைதான். மொத்தப் பரப்பு 3,520 சதுர கிலோமீட்டர்.

இப்போ அத்தனையும் ஒரே ஐஸ் பாளம்னு நினைச்சுக்குங்க. அது கடலில் மிதந்து போகுது! கப்ஸா இல்லீங்க. 2025 ஜனவரியில் ஏ23ஏ என்ற பனிப்பாறையின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர்.

அதோட ஜாதகம் செம சுவாரஸ்யம். 1986-ல் அண்டார்டிகாவின் ஃபில்க்னர் பனித்தட்டில் இருந்து பிரிந்தது. முதுகில் ஒரு சோவியத் ஆராய்ச்சி நிலையம் வேறு! ஆனால் வெடெல் கடலில் தரைதட்டி, 30 வருஷத்துக்கு மேல் அங்கேயே டேரா. பத்தில் ஒன்பது பங்கு உடம்பு தண்ணிக்குள்ளே இருந்தால் அப்படித்தான். அடிப்பக்கம் கரைந்து, 2020 வாக்கில்தான் கிளம்பியது. இந்த சைஸ் பாறைக்கு டிரைவர் காற்று இல்லை, நீரோட்டம்.

2024-ல் மறுபடி மாட்டியது. கடலுக்கு அடியில் ஒரு மலை. நீரோட்டம் அதில் மோத, பூமியின் சுழற்சியும் சேர, மலைக்கு மேலே தண்ணீர் தூண் மாதிரி சுழலும். பெயர் டெய்லர் தூண். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் தூங்கினவங்க பக்கத்து பெஞ்சில் கேட்டுக்குங்க!) அந்தச் சுழலில் நாளைக்கு 15 டிகிரி வீதம் மாசக்கணக்கில் ராட்டினம். 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே தரைதட்டி, அதே வருஷம் துண்டு துண்டாக உடைய ஆரம்பித்தது. ஓரத்தை அலை அறுக்கும், அடியை வெதுவெதுப்பான நீர் கரைக்கும், மேலே உருகின தண்ணி விரிசலில் இறங்கிப் பிளக்கும்.

'அப்போ கடல் மட்டம் ஏறிடுமே?' சர்பத் கிளாஸைப் பாருங்க. மிதக்கிற ஐஸ் உருகினா கிளாஸ் வழியாது. சிக்கல் வேற இடத்தில். பனித்தட்டுதான் நிலத்தில் இருக்கிற பனிக்கு பிரேக். தட்டு மெலிஞ்சா பின்னாடி நிற்கிற பனி வேகமா கடலுக்குள் இறங்கும். அது புதுத் தண்ணி.

நீங்க மேலேயிருந்து பார்த்த கோமுகி, மணிமுக்தாவோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அங்கே கடல் ஒரு சாண் ஏறினாலும் உப்புத் தண்ணி ஆற்றுக்குள் இன்னும் மேலே வரும். அடுத்த ட்ரிப் அங்கேதான் போடலாமா?