பக்கவிளைவு இல்லாத மருந்தா?

கோவிட் காலத்தில் சீந்தில் தண்டு கஷாயம் வைக்காத வீடு எங்கள் கரமனைத் தெருவில் குறைவு. விரல் பருமன் தண்டு, தோலைச் சீவினால் பச்சை, வாயில் வைத்தால் அப்படியொரு கசப்பு. "இங்கிலீஷ் மருந்துதான் ஈரலைக் கெடுக்கும், இது ஒண்ணும் பண்ணாது, குடி" என்று பக்கத்து வீட்டு மாமி தம்ளரை நீட்டுவார்.

ஆனால் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் நாடு முழுக்க 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேர். சீந்தில் குடித்து ஈரல் பாதிப்போடு வந்தவர்கள். பலருக்குத் தன்னுடல் தாக்கு நோயின் சாயல். ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் பாதுகாப்பானது என்றே சொன்னது. எனக்கு மருத்துவர்கள் பக்கம்தான் நம்பிக்கை.

அதற்காக மாமி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மருந்தால் கல்லீரல் கெட்ட 1,288 இந்தியர்களை ஆராய்ந்த 2021 கட்டுரையில் முதலிடம் காசநோய் மருந்துகளுக்கு, சுமார் 46 சதவீதம். மூலிகை உள்ளிட்ட மாற்று மருந்துகள் 14 சதவீதம். காசநோய் மருந்துகளான ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. ஆனால் காசநோய்க்கு அவை இல்லாமல் முடியாது.

மருந்தோ கஷாயமோ எடுக்கும்போது பசியின்மை, குமட்டல், சிறுநீர் பால் கலக்காத கட்டன் சாயா நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குடித்த கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவை நோயாளியே புகார் செய்ய அரசின் இலவச எண் இருக்கிறது: 1800-180-3024. குறித்து வையுங்கள்.