மறுபடியும் ஒரு எட்டு

அக்கா மகனுக்கு 17 வயது ஆன மறுவாரமே ஹவுன்ஸ்லோ வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு 125 சிசி ஸ்கூட்டர் வேண்டும். காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது என்பது அவன் வாதம். அக்காவின் பதில் ஒரே வார்த்தை: "கிடையாது."

நடுவில் மாட்டியது நான். "நானும் அவன்கூட டிரெயினிங் போறேன்க்கா. எப்படிச் சொல்லித்தர்றாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்றேன். அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். மனசுக்குள் கொஞ்சம் இளக்காரம்தான். திருச்சியில் அப்பாவின் ஸ்ப்ளெண்டரை ஐந்து வருடம் ஓட்டியவன் நான். ஒரு நாள் பயிற்சி எனக்கு எம்மாத்திரம்?

நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்த முதல் 12 மாதம்தான் செல்லும். பிறகு நான் கார் லைசென்ஸ் மட்டும் எடுத்தேன். ஆகவே பைக் விஷயத்தில் மருமகனும் நானும் ஒரே வகுப்பு. பிரிட்டனில் 1990 முதல் 'சிபிடி' என்ற கட்டாய அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. 16 வயதில் 50 சிசி மொபெட், 17 வயதில் 125 சிசி வரை. இந்தப் பயிற்சியை முடித்தால்தான் எல் போர்டு மாட்டி ரோட்டில் இறங்கலாம்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். வெறும் கார் பார்க்கிங், நாலைந்து கூம்புகள். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தன. முதலில் லைசென்ஸைப் பார்த்தார்கள். பிறகு 20 மீட்டர் தள்ளி நின்ற காரின் நம்பரை வாசிக்கச் சொன்னார்கள். ஹெல்மெட் தலையில் ஆடுகிறதா என்று பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். அப்புறம்தான் வண்டியைத் தொடவே விட்டார்கள். அவனுக்கு ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர், எனக்கு கியர் பைக்.

கூம்புகளைச் சுற்றி எட்டு போடச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருச்சி ஆர்டிஓ ஆபீஸில் போட்ட அதே எட்டு! அன்றைக்கு அந்த எட்டோடு பரீட்சையே முடிந்துவிட்டது. இங்கே அது ஆரம்பம்தான். மெதுவாக ஓட்டுவது, யூ டர்ன், அவசர பிரேக் என்று வரிசையாக வந்தது.

அதில் ஒன்றுக்கு 'லைஃப்சேவர்' என்று பெயர், அதாவது உயிர்காப்பான். வலது பக்கம் திரும்புவதற்குச் சற்று முன், கண்ணாடியைப் பார்த்தது போதாதென்று, தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத இடத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான். மருமகன் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டான். எனக்குக் கழுத்து திரும்பவே இல்லை.

மதியத்துக்கு மேல் ரோடு. குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் இரண்டே பேர். அவர் பின்னால் வந்தபடி, காதில் மாட்டிய ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார். "வலது தோள்." அடுத்த திருப்பத்திலும் "வலது தோள்." அதற்கடுத்ததில் அவர் குரல் உயர்ந்தது. பக்கத்தில் ஒரு வேன் உரசுவது போலத் தாண்டிப் போனது. ஸ்டாப் கோட்டில் நிற்காமல் உருட்டிக்கொண்டு போனதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மருமகனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. எனக்கு இல்லை. இதில் பாஸ், பெயில் கிடையாது. பயிற்சியாளருக்குத் திருப்தி வரும்வரை கையெழுத்துப் போட மாட்டார், அவ்வளவுதான். "பழகின கை. பழக்கத்தை மாத்தத்தான் நேரமாகும். இன்னொரு நாள் வாங்க" என்றார்.

பஸ்ஸில் மருமகன் என்னைக் கிண்டல் செய்யவே இல்லை. அதுதான் உறுத்தியது. அந்த வேன் போன வேகம் எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

2005. எனக்கும் 17 வயது. லைசென்ஸ் கிடையாது. அக்காவைப் பின்னால் உட்காரவைத்து தில்லை நகரில் வலது பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து வந்த ஸ்கூட்டர் இடித்து இருவரும் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் ஆறு தையல். மறு வருடம் கல்யாண ஆல்பம் முழுக்க அவள் ரவிக்கைக்கு நீளக் கைதான். "அந்த ஆள் ஹாரனே அடிக்கல" என்று அப்பாவிடம் சொன்னேன். நாளாக நாளாக நானும் அதையே நம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "அக்கா, அன்னிக்கு நான் திரும்பிப் பார்க்கல."

தோசைக் கரண்டியோடு நின்றவள் ஒரு நிமிடம் பேசவில்லை. "தெரியும்டா. பின்னாடி உட்கார்ந்திருந்தது நான்தானே. அப்பா உன்னை அடிப்பாரேன்னுதான் பேசாம இருந்தேன். எனக்கு ஸ்கூட்டர் மேல கோபம் இல்ல. இவனும் உன்ன மாதிரி ஓட்டுவானோன்னுதான் பயம்."

"இவன் என்னை மாதிரி ஓட்டலக்கா. அதுதான் இன்னிக்கு நான் பார்த்தது" என்றேன்.

ஸ்கூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் இந்த வயதை நெருங்கும் வீடுகளுக்குச் சில வார்த்தை. அந்தச் சான்றிதழ் லைசென்ஸ் அல்ல, தனியாக ஓட்டிப் பழக ஓர் அனுமதி. இரண்டு வருடம்தான் செல்லும். அதுவரை எல் போர்டு கட்டாயம், பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது, மோட்டர்வே பக்கம் போகக்கூடாது. முழு லைசென்ஸுக்குத் தியரி தேர்வும், இரண்டு செய்முறைத் தேர்வுகளும் பாக்கி. சாதாரண இன்சூரன்ஸில் உணவு டெலிவரி அடங்காது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். காசு செலவழிப்பதென்றால் முதலில் நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட்.

அடுத்த சனிக்கிழமை நான் மறுபடியும் போனேன். அக்காவும் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். மத்தியானம் ரோட்டுக்குக் கிளம்பும் முன், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனேன்.

"பதினோரு தடவை திரும்பிப் பார்த்தே. எண்ணிட்டே இருந்தேன்" என்றாள்.